கோரல் திணறும்போது, போட்டோஷாப் உறையும்போது

தூத்துக்குடி மில்லர்புரத்திலும் அக்கம்பக்கத்திலும் வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பேனர், கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று டிசைன் செய்து கொடுப்பவர்களுக்காக இந்த அத்தியாயம். ஜூலை 26 பனிமய மாதா கோவில் கொடியேற்றம் நெருங்கும்போதும் முகூர்த்த மாதங்களிலும் வேலை குவியும். சிஸ்டம் ஹேங் ஆவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

அந்த அவசரத்தில் யாரிடம் கேட்டாலும் இரண்டு யோசனைகள் வரும்: "ஃபார்மட் அடிச்சிருங்க", "கிராபிக்ஸ் கார்டு போட்டிருங்க". இரண்டுமே கடைசியாகச் செய்ய வேண்டியவை. வீட்டுக் கம்ப்யூட்டரில் வரைகலை மென்பொருள் திணறினால் முதல் சந்தேகம் நீங்கள் திறந்திருக்கும் ஃபைலின் மேல் விழ வேண்டும். அடுத்தது ரேமும் டிஸ்கும். நம் ஊரில் இவற்றோடு வெப்பமும் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கின்றன. கிராபிக்ஸ் கார்டின் முறை அதற்கெல்லாம் பிறகு.

தொடங்கும் முன்

1. வேலையிலிருக்கும் டிசைன்களை வெளி டிஸ்கிலோ பென் டிரைவிலோ ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.
2. ஒரு நோட்டில் தேதி போட்டு, என்ன கோளாறு, எந்த ஃபைலில், என்ன செய்தபோது வந்தது என்று எழுதுங்கள்.
3. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மாற்றிப் பார்த்துப் பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நான்கைந்தை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

எங்கே அடைப்பு என்று பார்த்தல்

1. திணறும் ஃபைலைத் திறந்து, வழக்கமாக எந்த வேலையில் மாட்டுகிறதோ அதையே செய்யுங்கள்.
2. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும்.
3. அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய், திணறும் அந்த நேரத்தில் எந்தக் கோடு உச்சியில் நிற்கிறது என்று கவனியுங்கள்.

மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை. ரேம் நிறைந்ததும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்கில் எழுதும். ஆகவே மெமரியும் டிஸ்கும் ஒன்றாக உச்சியில் நின்றால் குற்றவாளி ரேம்தான், டிஸ்க் அல்ல. மெமரியில் இடம் இருந்தும் டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால், பழைய ஹார்டு டிஸ்க் தளர்ந்திருக்கலாம், அல்லது பின்னால் அப்டேட்டோ வைரஸ் ஸ்கேனோ ஓடிக்கொண்டிருக்கலாம். பிராசஸர் உச்சியில் இருந்து, கூடவே அதன் வேகம் சரிந்துகொண்டே போனால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். எல்லாம் கீழே இருக்க மென்பொருள் மட்டும் உறைந்தால், அது செட்டிங்ஸ் அல்லது டிரைவர் கோளாறு.

அதே டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பக்கத்தையும் பாருங்கள். கம்ப்யூட்டர் திறக்கும்போதே தானாகக் கிளம்பும் மென்பொருள்களில் வேண்டாதவற்றை டிஸேபிள் செய்யலாம். பெயர் தெரியாத எதையும் அழிக்க வேண்டாம், நிறுத்தி வைத்தால் போதும்.

பேனர் கணக்கு

பத்துக்கு எட்டு அடி பேனர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்குலத்தில் 120 × 96. "குவாலிட்டி நல்லா வரணும்" என்று 300 டிபிஐ வைத்துத் தொடங்கினால் 36,000 × 28,800 பிக்சல், அதாவது நூறு கோடிக்கும் மேல். ஒரு பிக்சலுக்கு மூன்று பைட் என்றால் பின்னணி லேயர் ஒன்றுக்கே ஏறத்தாழ 3.1 ஜிபி. பிரஸ்ஸுக்காக சிஎம்ஒய்கேயில் வைத்தால் நான்கு பைட், அது 4.1 ஜிபி ஆகிவிடும். இதன் மேல் தலைவர் படம், மாலை, பூ, பத்துப் பதினைந்து முகங்கள். 8 ஜிபி ரேம் எந்த மூலைக்கு?

அதே பேனரை 72 டிபிஐயில் வைத்தால் 8,640 × 6,912 பிக்சல். ஒரு லேயருக்கு 180 எம்பிகூட வராது. பதினேழு மடங்குக்கு மேல் குறைவு. சாலையோரம் இருபது அடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கையில் வைத்துப் படிக்கும் கல்யாணப் பத்திரிகைக்குத்தான் 300 டிபிஐ வேண்டும். ஏ4 அளவு என்றால் அது 2,480 × 3,508 பிக்சல்தான், லேயருக்கு 26 எம்பி, பழைய சிஸ்டமே தாங்கும்.

இன்னொன்று. போட்டோஷாப்பின் பிஎஸ்டி வடிவம் ஒரு பக்கத்துக்கு 30,000 பிக்சல் வரைதான் ஏற்கும். மேலே சொன்ன 300 டிபிஐ பேனரை ராத்திரியெல்லாம் உட்கார்ந்து முடித்தாலும் பிஎஸ்டியாகச் சேமிக்க முடியாது. பெரிய ஃபைல்களுக்கான பிஎஸ்பி வடிவத்துக்குப் போக வேண்டியிருக்கும். 2 ஜிபிக்கு மேல் வளர்ந்த பிஎஸ்டிக்கும் இதே கதிதான்.

ஃபைலை இளைக்க வைக்கும் வரிசை:

1. தொடங்கும் முன்பே பிரஸ்ஸில் கேளுங்கள்: எத்தனை டிபிஐ வேண்டும், முழு அளவா, பத்தில் ஒரு பங்கு அளவா. அவர்களுடைய மெஷினுக்கு எது பொருந்தும் என்று அவர்களுக்குத் தெரியும்.
2. இருக்கும் ஃபைலை "சேவ் ஆஸ்" கொடுத்து வேறு பெயரில் பிரதி எடுங்கள். இனி எல்லா வேலையும் பிரதியில்.
3. முடிந்துபோன லேயர்களை ஒன்றாகச் சேருங்கள். கண் மூடி வைத்திருக்கும் லேயரும் இடம் பிடிக்கும், தேவையில்லையென்றால் நீக்குங்கள்.
4. போனில் எடுத்த பெரிய போட்டோவைச் சிறிய வட்டத்துக்குள் வைக்கும் முன், தனியாகத் திறந்து, வேண்டிய அளவுக்குக் குறைத்துப் பிறகு வையுங்கள். கோரலில் பவர்கிளிப்புக்குள் போட்டு ஓரங்களை மறைத்தாலும் முழுப் படமும் உள்ளேயேதான் இருக்கும்.
5. நிழல், ஒளிவட்டம், மங்கல் போன்ற எஃபெக்டுகளைக் கடைசியில் போடுங்கள். கோரலிலும் இங்க்ஸ்கேப்பிலும் ஒவ்வொரு முறை திரை நகரும்போதும் மென்பொருள் இவற்றைத் திரும்பக் கணக்கிட வேண்டியிருக்கிறது.

குறிப்பு: எழுத்தையோ கோட்டையோ நகர்த்தும்போது மட்டும் திணறினால், கோரலில் வியூ மெனுவில் வயர்ஃபிரேமுக்கும், இங்க்ஸ்கேப்பில் அதே மெனுவின் டிஸ்பிளே மோடில் அவுட்லைனுக்கும் மாறுங்கள். நிறமெல்லாம் போய் வெறும் கோடுகள் தெரியும். இடம் சரிசெய்துவிட்டுத் திரும்பி வரலாம்.

மென்பொருளுக்குள் செய்யும் மாற்றங்கள்

*போட்டோஷாப்.* எடிட், பிரிஃபரன்சஸ், பெர்ஃபார்மன்ஸ். மெமரிப் பங்கை 70 சதவீதம் அளவில் வையுங்கள். முழுவதையும் கொடுத்தால் விண்டோஸுக்கே மூச்சு முட்டி எல்லாமே நிற்கும். ஹிஸ்டரி ஸ்டேட்ஸ் 50 என்றிருந்தால் 20 ஆக்குங்கள். ஸ்கிராட்ச் டிஸ்க் நிறைந்துவிட்டது என்ற செய்தி வந்தால் சி டிரைவில் இடமில்லை என்று அர்த்தம். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைக் காலி செய்யுங்கள், அல்லது ஸ்கிராட்ச் டிஸ்கை இடமிருக்கும் வேறு டிரைவுக்கு மாற்றுங்கள். வேலை நடுவே கனத்துவிட்டால் எடிட் மெனுவில் பர்ஜ் உதவும், ஆனால் அதைக் கொடுத்த பிறகு பழைய படிகளுக்கு அன்டூ கிடையாது.

*கோரல்.* திறக்கும்போதே எஃப்8 விசையை அழுத்திப் பிடித்திருந்தால், ஒர்க்ஸ்பேஸைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவா என்று கேட்கும். காணாமல்போன டூல்பார், காரணமில்லாமல் மூடிக்கொள்வது போன்றவை பல நேரம் இதிலேயே தீரும். நீங்களாக அமைத்த ஷார்ட்கட்டுகள் போய்விடும் என்பதால் ஒர்க்ஸ்பேஸை முன்னதாக எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். போட்டோஷாப்பில் இதற்கு ஈடானது, திறந்த கணமே கன்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட் மூன்றையும் பிடித்திருப்பது.

*கிம்ப்.* பிரிஃபரன்சஸில் சிஸ்டம் ரிசோர்சஸ். டைல் கேஷ் அளவு மொத்த ரேமில் பாதியளவு இருக்கட்டும்.

*இங்க்ஸ்கேப்.* பிரிஃபரன்சஸில் ரெண்டரிங். மங்கல், ஃபில்டர் தரத்தைத் திரைக்கு மட்டும் குறைத்து வைக்கலாம்.

தமிழ் எழுத்து உடைந்தால்

"கொடியேற்றம்" என்று அடிக்கிறீர்கள். திரையில் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நிற்கிறது, அல்லது புள்ளிவட்டத்தின் மேல் தனியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. எழுத்துரு கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னும் பத்து எழுத்துருக்களை ஏற்றுகிறோம். சிஸ்டம் மேலும் மெதுவாகிறது, கொம்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

காரணம் இதுதான். யூனிகோடில் மெய்யெழுத்து முதலிலும் கொம்பு அதன் பின்னாலும் சேமிக்கப்படும். அதை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் எழுத்தமைப்பு இயந்திரத்தின் பொறுப்பு. ஆங்கிலத்துக்கு மட்டும் அமைந்த இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் சேமித்த வரிசையிலேயே காட்டிவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இந்தச் சிக்கல் வராது. அவை ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. அதனால்தான் எழுத்துருவை மாற்றினால் முழு அழைப்பிதழும் புரியாத ஆங்கில எழுத்துகளாகிவிடுகிறது. தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடையும் டேஸ்16 என்ற எழுத்துக் குறியீட்டையும் தரமாக அறிவித்துவிட்டது. புதிதாகத் தொடங்கும் வேலைகளை யூனிகோடிலேயே தொடங்குங்கள்.

போட்டோஷாப்பில் செய்ய வேண்டியது:

1. பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய், எழுத்து இயந்திரத்தை "வேர்ல்டு ரெடி" என்பதற்கு மாற்றுங்கள். சில பதிப்புகளில் அதே இடத்தில் "மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்" என்று இருக்கும்.
2. மென்பொருளை மூடித் திறங்கள்.
3. ஏற்கெனவே அடித்த வரிகள் தாமாகத் திருந்தாமல் போகலாம். அந்த வரியைத் தேர்ந்து, பாராகிராப் பலகையின் மூலை மெனுவில் வேர்ல்டு ரெடி லேஅவுட்டைக் கொடுங்கள்.

மிகப் பழைய பதிப்பில் இந்த வசதியே இருக்காது. அப்போது வரியை இங்க்ஸ்கேப்பில் அடித்து, வடிவமாக மாற்றி, படமாகக் கொண்டுவரலாம். இங்க்ஸ்கேப்பும் கிம்ப்பும் தமிழ் யூனிகோடைச் சரியாகக் காட்டும், இரண்டும் இலவசம்.

எழுத்துருக் குவியலையும் கொஞ்சம் குறையுங்கள். சிடியில் வந்தது, நண்பர் கொடுத்தது, இணையத்தில் கிடைத்தது என்று ஆயிரக்கணக்கில் ஏற்றி வைத்தால், மென்பொருள் திறக்கும்போது அத்தனையையும் படித்துப் பார்க்கும். அதில் பழுதான ஒன்று இருந்தாலும் திறக்கும்போதே மூடிக்கொள்ளும். அன்றாடம் பயன்படும் ஐம்பது அறுபதை வைத்துக்கொண்டு மற்றதைத் தனி ஃபோல்டரில் எடுத்து வையுங்கள். விண்டோஸோடு வந்த எழுத்துருக்களில் கை வைக்க வேண்டாம்.

பிரஸ்ஸுக்கு அனுப்பும் முன் எழுத்துகளை கர்வ்ஸாக மாற்றுவது சரியான பழக்கம். ஆனால் மாற்றும் முன் திருத்தக்கூடிய பிரதி ஒன்றைக் கட்டாயம் சேமியுங்கள். மாப்பிள்ளை பெயரில் ஒரு 'ர'வை 'ற'வாக்க முழு வரியையும் மறுபடி அடிக்கும் நிலை வர வேண்டாம்.

திரை மினுங்குதல், கறுப்புக் கட்டம், கோடு கோடாகத் தெரிதல்

1. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரை ஒரு கணம் இருண்டு திரும்பும். இது கிராபிக்ஸ் டிரைவரை மட்டும் மறுபடி தொடங்கும், திறந்திருக்கும் ஃபைல் மூடாது. திரும்பியதும் முதல் வேலையாகச் சேமியுங்கள்.
2. மென்பொருளின் செட்டிங்ஸில் கிராபிக்ஸ் பிராசஸரைப் பயன்படுத்தும் வசதியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். கோளாறு நின்றால் டிரைவர்தான் காரணம்.
3. சமீபத்தில் அப்டேட் ஆன பிறகு தொடங்கியது என்றால், டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டருக்குப் போய் ரோல் பேக் கொடுங்கள்.
4. பழைய டிரைவர் என்றால், லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தோ இன்டெல், ஏஎம்டி, என்விடியா தளங்களிலிருந்தோ மட்டும் புதியதை இறக்குங்கள்.
5. லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் இருந்தால், விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்பிளே, கிராபிக்ஸ் பகுதியில் உங்கள் மென்பொருளுக்கு ஹை பெர்ஃபார்மன்ஸைத் தேர்ந்தெடுங்கள்.

"எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கும்", "ரேமை வேகமாக்கும்" என்று வரும் மென்பொருள்களைத் தொடாதீர்கள். கிராக் செய்த மென்பொருளும் அப்படித்தான். அதை ஏற்ற ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும்போதே வீட்டுக் கதவைத் திறந்து வைக்கச் சொல்கிறார்கள். வாடிக்கையாளர்களின் படங்களும் உங்கள் வங்கிக் கணக்கும் அதே கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. வாங்க வசதியில்லையென்றால் கிம்ப், இங்க்ஸ்கேப், கிரிதா மூன்றையும் பழகுங்கள். பேனருக்கும் பத்திரிகைக்கும் அவை தாராளமாகப் போதும்.

உப்புக்காற்றும் வெப்பமும்

வேறு ஊரில் எழுதிய புத்தகங்களில் இந்தப் பகுதி இருக்காது. தூத்துக்குடிக் காற்றில் கடல் உப்பு இருக்கிறது, சுற்றிலும் உப்பளங்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியும். ஃபேன் உள்ளே இழுக்கும் தூசியோடு இந்த ஈரமும் சேர்ந்து, ஹீட் சிங்கின் தகடுகளுக்கு நடுவே கம்பளி மாதிரி படிந்துவிடும். ஊதினால் பறக்காது. ரேம் பொருந்தும் இடத்தில் பச்சைக் களிம்பு, யுஎஸ்பி வாயில் செந்துரு, கேபினெட் திருகாணியில் வெள்ளைப் பூப்பு ஆகியவை அடையாளங்கள்.

பிராசஸர் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் நன்றாக ஓடி, அரைமணி நேரத்தில் இழுக்கத் தொடங்குகிற சிஸ்டத்துக்குப் பெரும்பாலும் இதுதான் நோய்.

சுத்தம் செய்யும் முறை:

1. ஷட் டவுன் செய்து, சுவிட்சை அணைத்து, பிளக்கையே பிடுங்குங்கள். யுபிஎஸ் இணைப்பையும் எடுத்துவிடுங்கள். பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்தினால் மிச்ச மின்சாரம் இறங்கும்.
2. கேபினெட்டைத் திறந்து, பெயின்ட் இல்லாத உலோகப் பாகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் ரேமைக் கெடுக்கும்.
3. ஃபேன் இறக்கை சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய காய்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தள்ளுங்கள். வீட்டு வாக்குவம் கிளீனர் வேண்டாம், அதன் முனையிலும் நிலைமின்சாரம் உண்டாகும்.
4. ரேமைக் கழற்றி, பொன்னிறப் பற்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட நூல் உதிராத துணியால் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு 'டக்' என்று உட்காரும்வரை பொருத்துங்கள்.
5. தண்ணீர், மண்ணெண்ணெய், டர்பன்டைன் எதுவும் உள்ளே போகக் கூடாது.

எச்சரிக்கை: எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெபாசிட்டர்களில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறதா? எர்த் சரியில்லை. எலக்ட்ரீசியன் வந்து பார்க்கும்வரை கம்ப்யூட்டரை ஓட்ட வேண்டாம்.

கடலைப் பார்த்த ஜன்னலை ஒட்டி மேசை போடாதீர்கள். உப்பைப் பொறுத்தவரை மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும் கம்ப்யூட்டரைவிட ஓடிக்கொண்டிருப்பது நல்லது, அதன் சூடே ஈரத்தை விரட்டும். நீங்கள் வெளியூர் போயிருந்தாலும் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரமாவது போட்டு வைக்க வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லுங்கள். கேபினெட்டைத் தரையில் வைக்கவே வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது, தூத்துக்குடி நகரில் பல இடங்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. நனைந்த கம்ப்யூட்டரை "ஓடுதா பார்ப்போம்" என்று போட்டுப் பார்க்கக் கூடாது. டிஸ்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு சர்வீஸுக்குப் போங்கள்.

காசு செலவழிப்பதென்றால்

முதலில் எஸ்எஸ்டி. ஹார்டு டிஸ்க் விநாடிக்கு நூறு எம்பியைச் சுற்றிப் படித்தால் சாட்டா எஸ்எஸ்டி ஐந்நூறைத் தொடும். சின்னச் சின்ன ஃபைல்களில் வித்தியாசம் இன்னும் பெரிது. அடுத்தது ரேம். ஒரே 8 ஜிபி இருக்கும் சிஸ்டத்தில் அதே வகையில் இன்னொன்றைப் போட்டால் இடமும் கூடும், இரண்டும் இணையாக ஓடுவதால் தனி கார்டு இல்லாத சிஸ்டத்தில் கிராபிக்ஸ் வேகமும் கூடும். தனி கார்டு வீடியோவுக்கும் முப்பரிமாண வேலைக்கும்தான் அவசியம்.

2011இல் தொடங்கிய அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த ஆரம்பகால லேப்டாப் வீட்டில் கிடந்தால், அதன் 2 ஜிபி ரேமில் இன்றைய போட்டோஷாப் ஓடாது. ரேமைக் கூட்டி, எஸ்எஸ்டி மாட்டி, எடை குறைந்த லினக்ஸும் இங்க்ஸ்கேப்பும் ஏற்றினால் பத்திரிகை வேலைக்குப் பயன்படும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அதில் இருப்பவர்களும் அடுத்து எதற்கு மாறுவது என்று முடிவு செய்துகொள்வது நல்லது.

எப்போது கடைக்கு

ஹார்டு டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று தட்டும் சத்தம், கருகிய வாடை, உப்பிப்போன லேப்டாப் பேட்டரி: இந்த மூன்றில் எது வந்தாலும் உடனே அணையுங்கள். ரிப்பேர் மென்பொருள் எதையும் ஓட்டாதீர்கள். கடைக்குப் போகும்போது நீங்கள் எழுதி வைத்த நோட்டையும் கொண்டுபோங்கள். எதையெதை முயன்றாயிற்று என்பது அதில் இருக்கும். ஃபார்மட் செய்யச் சம்மதிக்கும் முன், உங்கள் டிசைன்களும் எழுத்துருக்களும் வேறு டிஸ்கில் இருக்கின்றனவா என்று அங்கேயே திறந்து பார்த்துவிடுங்கள்.